தீராத தலைவலியும் தீர்க்காத மாத்திரையும்

ஒரு மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் குறைந்தது 8 நாட்களின் வலி ஒற்றைத் தலைவலிக்குரிய இயல்புகளைக் கொண்டிருந்து, இந்நிலை மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடித்தால், அதனை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாடு வரையறுக்கிறது. இவ்வரையறைக்கு அடிப்படை வலித்த நாட்களின் எண்ணிக்கை. ஒருவருடைய வலி எவ்வளவு கடுமையானது என்பதை மற்றொருவர் அளந்தறிய வழியில்லை. வலித்த நாட்களையோ எவரும் எண்ணிவிடலாம், அவ்வெண்ணிக்கையைக் கொண்டே எத்தகைய வைத்தியம் வேண்டும் என்பதையும் முடிவுசெய்யலாம். ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைக் கேட்பது அரிது; மருந்துக் கடையில் கேட்பதில்லை, கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் கேட்க நேரமில்லை, நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. இந்நோய்க்கு நிவாரணம் கிடைக்காமல் போவதற்கு மருந்து இல்லாமை காரணமன்று. வலி வந்தபின் விழுங்கும் மாத்திரையே வைத்தியம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டதால், வலி வராமல் தடுக்கும் வைத்தியம் தொடங்கப்படாமலே ஆண்டுகள் கழிவதுதான் காரணம்.

ஒற்றைத் தலைவலி என்பது தலையின் ஒரு பக்கத்திலோ சிலருக்கு இரு பக்கங்களிலுமோ விண்விண்ணென்று துடித்து, மாடிப்படி ஏறினால்கூட மிகுந்து, வைத்தியம் செய்யாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி. அதனுடன் குமட்டலோ வாந்தியோ சேரும். வெளிச்சமும் ஓசையும் பொறுக்கமுடியாமல் போகும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணெதிரே மின்னும் வளைகோடுகள் தோன்றிப் பார்வையின் ஒரு பகுதியை மறைக்கும். இம்முன்னறிகுறியை மருத்துவர்கள் ஆரா என்பர். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி. 18 முதல் 65 வயது வரையுள்ளோரிடம் கர்நாடகத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒற்றைத் தலைவலிக்கு ஆளாவதைக் காட்டியது. இவர்களுள் பெரும்பாலோருக்கு மாதத்தில் ஓரிரு நாள் வந்துபோகும் தொல்லையாகவே அது நிற்கும். ஆயினும் ஆண்டுதோறும் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வலி நாட்கள் பெருகி, நோய் நாட்பட்டதாக மாறுகிறது. அம்மாற்றத்தைத் தடுக்க இயலும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

மாற்றம் தெரியாமல் நடப்பதற்கு முதற்காரணம், நோய் வேறு நோயாக எண்ணப்படுவது. நெற்றியும் கன்னமும் வலித்து மூக்கும் அடைத்துக்கொண்டால், வீட்டில் நீர் கோத்துக்கொண்டதாகச் சொல்லிச் சுக்குப் பற்றுப் போடுவர். படித்தவர் சைனஸ் என்பர். ஆனால் ஒற்றைத் தலைவலியின் போது தூண்டப்படும் நரம்பு, மூக்கின் சளிச்சவ்வையும் கண்ணீர்ச் சுரப்பியையும் இயக்கும் நரம்புகளையும் உடன் தூண்டுவதால் மூக்கடைப்பும் கண்ணீரும் அந்நோயின் பகுதியாகவே வரக்கூடும். தமக்குச் சைனஸ் தலைவலி என்று தாமே கருதியோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியே எனத் தெரியவந்தது. வாந்தி எடுத்ததும் வலி தணிவதால் பித்தம் என்று கருதி எலுமிச்சையும் இஞ்சியும் கொடுப்பவர் உண்டு. பிடரி வலியும் இந்நோயாளருள் மிகப் பலருக்கு உண்டாவதால், கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை அணிவித்து அனுப்புவதும் நடக்கிறது. கண்ணாடியை மாற்றியும் மூக்கெலும்பைச் சரிசெய்தும் பயனில்லாமல் போன பிறகு, அதெல்லாம் மனக்கவலை என்ற தீர்ப்பு வந்து சேர்கிறது. அத்தீர்ப்பைக் கேட்பவர்களில் மிகுதியானோர் பெண்கள். வலியோடு சமைத்து, வலியோடு வேலைக்குச் சென்று, வலியோடு திரும்பும் ஒருவரிடம் நோயே இல்லை என்று சொல்வது, வைத்தியம் மறுப்பதைக் காட்டிலும் கொடுமையானது.

இந்நோய் மூளையிலும் நரம்பிலும் நிகழ்வது என்பதற்கான சான்றுகள் எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்துவருகின்றன. தலையின் இரத்தக் குழாய்கள் விரிவதே வலிக்குக் காரணம் என்ற அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு உல்ஃபின் கருத்து 1930-களில் தொடங்கி நெடுங்காலம் கோலோச்சியது. 1944-இல் பிரேசில் நாட்டு அறிஞர் அரிஸ்டிடீஸ் லியோன், மூளையின் மேற்புறணியில் மின்செயல்பாடு ஒடுங்கும் அலையொன்று நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மெல்லப் பரவுவதை முயல்களில் கண்டறிந்தார். ஆராவின் போது பார்வையில் ஊர்ந்து செல்லும் ஒளிக்கோடுகளுக்கு அவ்வலையே அடிப்படை எனப் பின்னர் விளங்கியது. முகத்திலிருந்தும் மூளையுறையிலிருந்தும் வலியுணர்வைக் கடத்தும் முப்பெருநரம்பின் முனைகள் சிஜிஆர்பி என்னும் சிறு புரதத்தைச் சுரப்பதையும், ஒற்றைத் தலைவலியின் போது கழுத்துச் சிரையின் இரத்தத்தில் அதன் அளவு கூடுவதையும் லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி ஆகியோர் கண்டறிந்தனர்; பின்னதை 1990-இல் வெளியிட்டனர். இவ்விருவருடன் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலேசன் ஆகியோருக்கும் சேர்த்து 2021-ஆம் ஆண்டின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது. வலி அடிக்கடி வரவர நரம்பு மேலும் எளிதில் தூண்டப்படும் நிலையை அடைகிறது. தலை வாருவதும் காதணி அணிவதும்கூட வலிதரும் அளவுக்குத் தோல் கூசத் தொடங்குகிறது. நாட்பட்ட நோய் உருவாகும் வழி இதுவே.

அவ்வழியை அகலமாக்குவது வலிநிவாரணி. தலைவலிக்கு என்று கேட்டால், எந்தச் சிற்றூரின் மருந்துக் கடையிலும் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்து, வயிறு புண்ணாகாதிருக்க அசிடிட்டி மாத்திரை ஒன்றையும் சேர்த்துச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவர். சீட்டும் கேட்பதில்லை, கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் முழுமையாக இருப்பதில்லை. அது வெறும் பாராசிட்டமாலாக இருக்கலாம். டைக்ளோஃபினாக் சேர்ந்ததாக இருக்கலாம். எர்கோட்டமின், காஃபீன், பாராசிட்டமால், வாந்தியடக்கி என நான்கு மருந்துகளின் கூட்டாகவும் இருக்கலாம். அரைமணி நேரத்தில் வலி தணிகிறது, வேலை நடக்கிறது, நம்பிக்கை பிறக்கிறது. முதலில் மாதம் இரண்டாக இருந்த மாத்திரை வாரம் இரண்டாகி, பின்பு வலி வந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே காலையில் காப்பியுடன் விழுங்கும் வழக்கமாகிறது. தலைவலி இயல்பு உடையவர்கள் சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாட்களோ, எர்கோட்டமின், டிரிப்டான் எனப்படும் ஒற்றைத் தலைவலி மாத்திரை, கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாட்களோ, அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே தலைவலியைப் பெருக்கும் நிலை ஏற்படும். இதனை மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி என்று வகைப்பாடு குறிக்கிறது. மூட்டுவலிக்காக அதே மாத்திரைகளை உண்பவர்களுள் தலைவலி இயல்பு இல்லாதோருக்கு இந்நிலை பொதுவாக வருவதில்லை என்பதிலிருந்து, ஒற்றைத் தலைவலி உடைய மூளைக்கே இம்மருந்துகள் தனித் தீங்கு செய்வது விளங்கும்.

தீங்கு தலையோடு நிற்பதுமில்லை. டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கூட்டு மாத்திரையிலுள்ள வாந்தியடக்கி நெடுங்காலம் உட்கொள்ளப்பட்டால் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கும். எர்கோட்டமின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுடன் சேரும்போது கைகால்களுக்கு இரத்தவோட்டம் நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. இவ்வளவையும் கடையில் நின்று மாத்திரை வாங்குபவர் அறியார். அறியாமை அவருடைய குற்றமன்று. சீட்டின்றிக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டிருக்கும் நிர்வாகமே அதற்குப் பொறுப்பு.

ஆகவே நிவாரணத்தின் முதற்படி, மிகையான மாத்திரையை நிறுத்துவது. சாதாரண வலிநிவாரணிகளையும் டிரிப்டான்களையும் மருத்துவரின் அறிவுரையோடு ஒரேயடியாக நிறுத்தலாம். டிராமடால் போன்ற அபின் சார்ந்த மருந்துகளையும் தூக்க மாத்திரைகளையும் படிப்படியாகவே குறைக்கவேண்டும். நிறுத்திய பின் இரண்டு முதல் பத்து நாட்கள் வரை வலி முன்னைவிடக் கூடும், தூக்கம் கெடும், வாந்தியும் எரிச்சலும் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாளே நோயாளி கடைக்குத் திரும்பிவிடுவார். வீட்டாரும் அலுவலகமும் அந்தப் பத்து நாட்களுக்கு இடங்கொடுக்க வேண்டும். அடுப்பங்கரையையும் பிள்ளைகளையும் வேறொருவர் ஏற்றுக்கொள்ளாத வீட்டில் எந்தப் பெண்ணாலும் இந்த வைத்தியத்தை முடிக்க இயலாது. நிறுத்தும் அன்றே தடுப்பு மருந்தையும் தொடங்கினால் பயன் மிகுதி என்று டென்மார்க்கில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது.

தடுப்பு மருந்து என்பது வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் உட்கொண்டு, வலி நாட்களைக் குறைப்பது. அவற்றுள் பழையதும் மலிவானதுமான புரோப்ரனலால், நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்பட்டபோது ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை 1960-களில் மருத்துவர்கள் கவனித்ததால் இந்நோய்க்கு வந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலின் இரவில் மிகச் சிறிய அளவில் தரப்படுகிறது. தூக்கமும் கெட்டிருப்பவர்களுக்கு ஏற்றது. மனச்சோர்வு மருந்து என்று யாரேனும் சொல்லக் கேட்டு, தன்னை மனநோயாளி என்று மருத்துவர் கருதிவிட்டதாக எண்ணி அதை நிறுத்துவோர் பலர். நரம்பின் வலியைக் குறைக்கவே அது தரப்படுகிறது என்று மருத்துவர் இரண்டு வாக்கியங்களில் விளக்கியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருக்கமாட்டார்கள். டோபிரமேட் எடையைக் குறைக்கும், விரல்களில் மதமதப்பைத் தரும், சிலருக்குச் சொல் நாவில் வராமல் தடுமாறச் செய்யும். ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வைத் தரும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைப்பதால் கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைத் தவிர்க்கவேண்டும். டோபிரமேட்டுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். இந்நோயாளருள் பெரும்பாலோர் அந்த வயதுப் பெண்களே என்பதை நினைத்தால், மருந்து எழுதுமுன் இதனைக் கேட்டறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பது புலனாகும்.

எந்தத் தடுப்பு மருந்தும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் உட்கொண்ட பின்பே பயன் தந்ததா இல்லையா என்று சொல்லமுடியும். பத்து நாட்களில் பலனில்லை என்று விட்டுவிட்டு வேறு மருத்துவரை நாடுவதால், நான்கு மருந்துகளை முயன்றும் பயனில்லை என்று சொல்லும் பலர் உண்மையில் ஒன்றையும் முழுமையாக முயலாதவர்களாகவே இருக்கக்கூடும். வலி நாட்கள் பாதியாகக் குறைவதே நல்ல வெற்றி. மாதம் இருபது நாட்கள் படுத்திருந்தவருக்குப் பத்து நாட்கள் மீள்வது என்பது வேலையை விடாமல் வைத்துக்கொள்வதற்கும் இழப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. முற்றிலும் குணமாக்கிவிடுவதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழந்தவர்கள், இந்தப் பாதி வெற்றியை முன்பே அறிந்திருந்தால் ஏமாந்திருக்கமாட்டார்கள்.

இவ்வனைத்துக்கும் வேண்டிய கருவி ஏற்கெனவே ஒவ்வொரு சமையலறையிலும் ஆணியில் தொங்குகிறது. பால் வராத நாளைப் பெருக்கற்குறியிட்டும், சிலிண்டர் மாற்றிய தேதியை வட்டமிட்டும் வைத்திருக்கும் மாதக் காலண்டரில், தலை வலித்த நாளுக்கு ஒரு கோடும், கடுமையாக வலித்த நாளுக்கு இரண்டு கோடுகளும், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளியும், மாதவிலக்கு நாட்களுக்கு வேறொரு குறியும் இட்டுவந்தால் போதும். மூன்று மாதத் தாள்களைக் கிழித்து எறியாமல் மருத்துவரிடம் காட்டினால், ஸ்கேன் எடுத்தும் தெரியாதது அத்தாள்களில் தெரியும்: புள்ளிகள் பத்தைத் தாண்டுகின்றனவா, வலி மாதவிலக்கை ஒட்டி வருகிறதா, தொடங்கிய மருந்தால் கோடுகள் குறைந்தனவா என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். வலி வரும்போது போடும் மாத்திரையை வாரத்திற்கு இரண்டு நாட்களுக்குள் அடக்குவதற்கும் அக்குறிகளே துணை. அம்மாத்திரையை வலி முற்றிய பின்னர் போடாமல் தொடக்கத்திலேயே முழு அளவில் போடவேண்டும். ஏனெனில் வலியின் போது இரைப்பையின் இயக்கம் தளர்ந்து மருந்து மெல்லவே உட்கிரகிக்கப்படும்.

தூண்டும் காரணங்களைப் பற்றித் தமிழர் இல்லங்களில் உலவும் அறிவு பலவிடங்களில் சரியாகவே இருக்கிறது. தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று பெண்கள் சொல்வதை மருத்துவ நூல்கள் நெடுங்காலம் குறிப்பிடவில்லை; மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே.ரவிசங்கர் 94 இந்திய நோயாளரிடம் கண்டவற்றை 2006-இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்ட பிறகே அது ஏட்டில் ஏறியது. பட்டினியும் அத்தகையதே. சஷ்டி, ஏகாதசி என விரதமிருப்போருக்கும், காலைச் சிற்றுண்டியை விட்டு ஷிப்டுக்கு ஓடும் ஆலைத் தொழிலாளருக்கும் வெறும் வயிறு வலியை வரவழைக்கும். தூக்கம் குறைந்தாலும், ஞாயிறன்று வழக்கத்தைவிட நெடுநேரம் தூங்கினாலும் வலி வரும். ஆயினும் எல்லாவற்றையும் தூண்டுகாரணமாக எண்ணி, சாக்லேட்டும் தயிரும் வாழைப்பழமும் என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது தவறு. வலிக்கு முந்தைய நாளிலேயே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுவதால் கொட்டாவியும், இனிப்பின் மீது வேட்கையும் உண்டாகின்றன. தின்ற சாக்லேட் வலிக்குக் காரணமாக இல்லாமல், வந்துகொண்டிருக்கும் வலியின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

மருந்தல்லாத வழிகளுள் உறுதியான சான்றுடையவை சில உண்டு. சுவீடனில் 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை 40 நிமிட உடற்பயிற்சி செய்தவர்களுக்கு டோபிரமேட் உண்டவர்களை ஒத்த பயன் கிடைத்தது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துடன் மூன்று மாதம் யோகாவும் செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் உண்டவர்களைவிட வலியும் மாத்திரைகளின் எண்ணிக்கையும் குறைந்தன. அவ்வாய்வில் யோகா மருந்துக்கு மாற்றாக அல்லாமல் துணையாகவே அமைந்தது என்பதை மறக்கலாகாது. மெக்னீசியமும் ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினும் ஓரளவு பயன் தருவன.

மேற்கூறியவற்றால் பயன்பெறாதவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. போட்டாக்ஸ் ஊசியை நெற்றி, பொட்டு, பிடரி, தோள் என 31 இடங்களில் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தும் முறைக்கு அமெரிக்கா 2010-இல் ஒப்புதல் அளித்தது. சிஜிஆர்பி புரதத்தின் வேலையை முடக்கும் எரினுமாப் முதலான ஊசிகள் 2018 முதல் வந்தன. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே நோயின் இயக்கத்தை அறிந்து உருவாக்கப்பட்ட முதல் மருந்துகள் இவை. மேலே கூறிய பழைய மருந்துகள் வேறு நோய்களிலிருந்து கடன்வாங்கப்பட்டவை. புதியவற்றை முதல்நிலை வைத்தியமாகவே கொள்ளலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-இல் அறிவித்தது. மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும் விலையில் உள்ள இவற்றை நம் நாட்டுப் பொது மருத்துவமனைகளில் எதிர்பார்க்கும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் பழையவை விலை குறைந்தவை என்பதற்காக இரண்டாந்தரமானவையும் அல்ல. அவற்றை முறையாக முழு அளவில் முழுக் காலம் கொடுத்தாலே மிகப் பலருக்குப் பயன் கிடைக்கும்.

ஒற்றைத் தலைவலி என்று எண்ணிக் காத்திருக்கலாகாத வலிகளும் உண்டு. இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் உச்சத்தை எட்டும் வலி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் பலவீனமோ வலிப்போ உள்ள வலி, மகப்பேற்றை ஒட்டிய வாரங்களில் வரும் கடும் வலி ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவை. ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உண்பது பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால், ஆரா உண்டா என்பதையும் மகப்பேறு மருத்துவர்கள் கேட்டறிய வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. நாள்பட்ட நோய்க்கு இடைவிடாத மருந்து வேண்டும் என்ற அறிவை ஏற்றுக்கொண்ட அத்திட்டத்தில் தலைவலிக்கு இடமளிப்பது புதுமையன்று. புரோப்ரனலாலும் அமிட்ரிப்டிலினும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. வீடுதோறும் செல்லும் தன்னார்வலர், இந்த மாதம் எத்தனை நாள் தலை வலித்தது, எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள் என்ற இரு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். பத்தைத் தாண்டும் விடை சொன்னவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அங்குள்ள மருத்துவருக்கு ஒரு நாள் பயிற்சி போதும். நரம்பியல் வல்லுநர் வேண்டியதில்லை, ஸ்கேனும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. மருந்துக் கடைகளில் கூட்டு மாத்திரைகளைச் சீட்டின்றிக் கத்தரித்துக் கொடுப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உண்மையாகவே தடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து ஒத்துக்கொள்வது உறுதியான பின் ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குரிய தடுப்பு மருந்தையாவது சேர்த்துக் கொடுக்கவேண்டும். பத்து நாள் மாத்திரைக்காக மாதம் மும்முறை வரிசையில் நின்றால் மும்முறை தினக்கூலியை இழக்கும் பெண், இரண்டாம் முறையே வராமல் நின்றுவிடுவார்.